எல்லைக்குள் அமர்ந்து எல்லை கடத்தல்: மாணவர் நலனும் தேசாவகாசிக விரதமும்

இல்லறத்தார் மேற்கொள்ளத்தக்க விரதங்கள் பன்னிரண்டு என்பது நம் பாடசாலைச் சிறுவரும் அறிந்ததே. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. இவற்றுள் சிக்ஷாவிரதம் என்னும் பெயர் ஆசிரியத் தொழில் புரிந்தோர்க்குத் தனியானதோர் உவகையைத் தருவது. சிக்ஷை என்றால் பயிற்சி. கல்வி என்றாலும் பொருந்தும். ஒருமுறை ஏற்று முடித்துவிடும் விரதமன்று, நாள்தோறும் பழகிப் படிய வைத்துக்கொள்ளும் விரதம் என்பது கருத்து. சுவாமி சமந்தபத்திரர் தமது இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இந்நான்கனுள் முதலாவதாக வைத்தது தேசாவகாசிகம். இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தமிழில் குறள் வெண்பாக்களாக எடுத்துரைக்கும் அருங்கலச்செப்பைப் பயின்றோர்க்கும் இது புதிதன்று.

இவ்விரதத்தை இன்றைய மாணவர் கைகளிலுள்ள கைப்பேசியோடு பொருத்திப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். பழைய விரதத்திற்கும் புதிய கருவிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். விரதத்திற்குரிய அதிசாரங்களை ஒருமுறை படித்துப் பார்த்தால் அவ்வினா எழாது.

விரதமும் ஐந்து அதிசாரங்களும்

திக்விரதம் என்பது பத்துத் திசைகளிலும் இன்ன ஆறு, இன்ன மலை, இன்ன நாடு வரையில்தான் செல்வேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக்கொள்வது. அவ்வெல்லைக்குள்ளேயே, இன்று இவ்வீட்டளவில் இருப்பேன், இத்தெருவளவில் இருப்பேன், இம்மாதம் இவ்வூரளவில் இருப்பேன் என்று இடத்தை மேலும் குறுக்கி, அதற்கொரு காலவரையறையும் இட்டுக்கொள்வது தேசாவகாசிகம். இடம் ஒன்று, காலம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் விரதம் நிறைவுறும்.

இனி, எல்லைக்குள் அமர்ந்தபடியே இவ்விரதத்தைப் பழுதாக்கும் செயல்கள் ஐந்து என ஆசாரியர்கள் வகுத்தனர். எல்லைக்கு வெளியே ஆள் அனுப்புதல். வெளியிலிருந்து பொருளை வருவித்தல். வெளியே இருப்பவர் கேட்குமாறு குரல் கொடுத்தல். வெளியே இருப்பவர் காணுமாறு தன் உருவத்தைக் காட்டுதல். கல் முதலிய ஏதேனும் ஒன்றை எறிந்து அவர் கவனத்தைத் தன்பால் இழுத்தல். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்திலும் இவ்வைந்தே கூறப்படுகின்றன.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை மெல்லப் படியுங்கள். செய்தி அனுப்புதல், பொருள் வருவித்தல், குரல் கொடுத்தல், உருவம் காட்டுதல், கவனம் ஈர்க்க ஒன்றை எறிதல். கைப்பேசியின் அகத்தே நிகழ்வன யாவும் இவ்வைந்தனுள் அடங்கிவிடுகின்றன அல்லவா? உடல் திண்ணையைவிட்டு ஓரடியும் நகரவில்லை. ஆயினும் ஆள் ஊரெல்லையைக் கடந்துவிட்டார் என்பதை நம் ஆசாரியர்கள் கண்டிருக்கிறார்கள். கதவைத் தாழிட்டதனால் மட்டும் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறான் என்று எண்ணும் இன்றைய பெற்றோர், முதலில் பயிலவேண்டிய பாடம் இது.

மலைக்குக் கைப்பேசி வந்த வழி

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாயகங்கை அருவியும் நினைவுக்கு வரும். பள்ளி என்னும் சொல் முற்காலத்தில் நம் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. அவர்கள் அங்கே கல்வியும் கற்பித்தமையின் கல்விச்சாலைக்கும் அச்சொல்லே நிலைத்தது என்று அறிஞர் கூறுவர். அறப்பள்ளி என்னும் பெயரைக் கேட்குந்தோறும் எனக்கு அந்நினைவே எழும். இது நிற்க.

காரவள்ளி வழியாக ஏறும் மலைச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் 70. மேலே, நாடு என்று பெயர் தாங்கிய ஊராட்சிகளில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. மிளகும் காப்பியும் அன்னாசியும் மரவள்ளியும் விளையும் மண். குழந்தைகள் நெடுந்தொலைவு நடந்து வரவேண்டும் என்பதனாலேயே இங்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் ஏற்பட்டன. இத்தகைய இடத்தில் கைப்பேசி விளையாட்டுப் பொருளாக நுழையவில்லை, பாடநூலாகவே நுழைந்தது.

2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகத் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. உயர் வகுப்புகள் இடையிடையே திறந்து மூடினவாயினும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் 1. ஏறத்தாழ 19 மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் பாடம் நடத்தியது. மறுபுறம் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வீட்டுப்பாடம் வந்தது. மலைச் சிற்றூர்களில் ‘டவர்’ கிடைக்கும் பாறை எது, மேடு எது என்று தேடிச் சென்று பிள்ளைகள் கூடி அமர்ந்தனர். 2021ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டத்து மலையடிவார மாணவர் சிலர் மரக்கிளைகளில் ஏறி அமர்ந்து இணையவழிப் பாடம் கேட்ட செய்தியும் படமும் நாளிதழ்களில் வெளிவந்தன. அப்படத்தைக் கண்டு பலர் இரங்கினர். எனக்கு இரக்கத்தினும் மதிப்பே மிகுந்தது. கல்வியின்பால் அத்துணை வேட்கை கொண்ட பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்றும் கைப்பேசிப் பித்தர்கள் என்றும் இன்று பழிப்போர், அக்கிளையை ஒருகணம் நினைவுகூர்தல் நலம்.

பள்ளி திறந்தது. கைப்பேசி மட்டும் வீடுகளைவிட்டுப் போகவில்லை. ஆட்டை விற்றும் கடன் பெற்றும் வாங்கிய பொருளை யார்தான் பெட்டிக்குள் பூட்டி வைப்பர்? பாடத்திற்கென வந்த கருவிக்குப் பாடநேரம் முடிந்தபின் எத்துணை நேரம், எவ்விடத்தில், எதன்பொருட்டு என்னும் அளவை எவரும் வகுக்கவில்லை. நாடு முழுவதும் நடந்தது இதுவே. ஊரகக் குழந்தைகளின் கல்விநிலையை ஆராயும் ‘அசர்’ அறிக்கை 2024இல் 14 முதல் 16 வயதுடையோரைப் பற்றிக் கூறுவதாவது: திறன்பேசியை இயக்கத் தெரிந்தோர் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர். அவர்களுள், வினவப்பட்ட நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தில் கல்விக்காக அதனைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. பாடநூலாக நுழைந்தது என்னவாயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்றும் உண்டு. மலைவீடுகள் பலவற்றில் கைப்பேசியை இயக்கத் தெரிந்தவர் அவ்வீட்டு மாணவரே. ரேஷன் கடைக் குறுஞ்செய்தியைப் படிப்பதும், வங்கிக் கணக்கில் கூலி ஏறியதா எனப் பார்ப்பதும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணோ பத்தாம் வகுப்புப் பையனோதான். ‘பிடுங்கி வைத்துவிடுங்கள்’ என்று நகரத்து மேடைகளில் அறிவுரை கூறுவது எளிது. குடும்பத்தின் கணக்குப்பிள்ளையிடமிருந்து பேனாவைப் பிடுங்க இயலுமா?

எது கெடுகிறது?

கைப்பேசியால் மாணவர் மனநலம் கெடுகிறது என்று பொதுப்படக் கூறுவதை நான் ஏற்பதில்லை. அநேகாந்த நெறியைப் போற்றும் நாம் ஒருபக்கப் பேச்சில் இறங்குதல் ஆகாது. 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை ஆராய்ந்தனர். அவர்தம் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் கருவிப் பயன்பாட்டோடு தொடர்புடையது மிகுதியாகக் கொண்டாலும் 0.4 விழுக்காடே என்று அவர்கள் கண்டனர். மறுபுறம், 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரையில், நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் வளரிளம் பருவத்தினர்க்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற இடர்கள் நேரும் வாய்ப்பு இருமடங்கு என்று குறிக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவன என்று கொள்ள வேண்டுவதில்லை. ஊர் முழுவதற்கும் சராசரி மழை அளவாகப் பெய்திருக்கலாம். ஒரு வீட்டுச் சுவர் இடிந்தது இடிந்ததே. ஆசிரியர் சராசரிக்குப் பாடம் நடத்துவதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நடத்துகிறார். அப்பிள்ளையிடம் எது கெட்டது என்று பார்ப்பதே அவர் தொழில்.

முதலில் கெடுவது உறக்கம். 13 முதல் 18 வயது வரையில் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. பள்ளிப் பேருந்தைப் பிடிக்க மலைப்பிள்ளை விடியுமுன் எழ வேண்டும். இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் போர்வைக்குள் ஒளி தெரிந்தால், கணக்கு எளிதில் விளங்கும். முதல் பாடவேளையில் கண் சொருகும் மாணவனை அறிவிலி என்று குறித்துக்கொள்ளும் ஆசிரியர், அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என்று ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும். நம் குடும்பங்களில் கதிரவன் மறைந்தபின் உண்ணாமை வழிவழி வந்த ஒழுக்கம். இன்று அனைவரும் அதனைக் காக்கின்றனர் என்று கூற இயலாது. எனினும் மாலையில் அடுப்பங்கரையை மூடும் பழக்கத்தைக் கண்டிராத ஜைனக் குழந்தை அரிது. வாயால் உண்பதற்கு ஒரு நேர எல்லையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்கள், கண்ணாலும் செவியாலும் உண்பதற்கு ஒன்றை வகுத்துக்கொள்ளுதல் இயலாத காரியமா?

அடுத்துக் கெடுவது கவனம். இதனைப் பற்றிச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். ஆசிரியப் பயிற்சியில் நான் மிகவும் போற்றிக் கற்பித்த பகுதி இது. சீயகங்கன் வேண்ட, நம் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், இலக்கண நூலுக்கு முகவுரை மட்டுமன்று; தமிழில் கிடைக்கும் அரியதோர் ஆசிரியப் பயிற்சி நூலும் ஆகும். ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கர் இயல்பு, கேட்கும் முறை என அனைத்தும் அதில் உள. மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுத்து, அன்னமும் ஆவும் தலையாயவர்க்கும், மண்ணும் கிளியும் இடைப்பட்டவர்க்கும், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைப்பட்டவர்க்கும் உவமையாக்குகிறார் முனிவர். ஆடு என்ன செய்யும்? ஒரு செடியில் தழை நிறைந்திருந்தாலும் அங்கே நின்று வயிறார மேயாது. ஒரு வாய் கடித்து அடுத்த செடிக்கு ஓடும். பசு மேய்ந்தபின் ஓரிடத்தில் படுத்து அசைபோடும். இன்று விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே, ஒரு காட்சியில் பத்து நொடி, அடுத்ததில் ஐந்து நொடி எனச் செல்லும் பிள்ளையை இவ்வுவமையைவிடச் செம்மையாக யாரும் படம்பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். முனிவர் கூறியது மாணாக்கனின் இயல்பு. இன்றோ ஆடாக மேயுமாறு பிள்ளைகள் பழக்கப்படுகின்றனர். பழைய நாளில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்புமுன் ஒரு கண நேரம் ‘போதுமா?’ என்னும் எண்ணம் எழும். 2006இல் அசா ராஸ்கின் என்னும் கணிப்பொறி வடிவமைப்பாளர் முடிவின்றி உருண்டுகொண்டே இருக்கும் திரையை வகுத்தளித்தார், ‘போதுமா?’ என்னும் கணம் ஒழிந்தது. பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தியும் பேசினார். வேலியில்லாக் காட்டில் ஆட்டை அவிழ்த்துவிட்டு, ஆட்டின் குணத்தைப் பழிப்பது நேர்மையன்று.

பாடத்தை ஒருமுறை கேட்பவன் மீண்டும் ஒருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் பிறர்க்கு எடுத்துரைக்கும் திறமும் கூடும் என்பது பவணந்தியார் கண்ட முறை. ஓரிடத்தில் நிற்றல் அதற்கு முதற்படி. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கவனம் சிதறிய மாணவன் மீண்டும் பாடத்தில் ஊன்ற 20 நிமிடங்கள் வரை ஆகக்கூடும் என்கிறது. நாம் சாமாயிகத்திற்குக் கொள்ளும் ஒரு முகூர்த்தம் 48 நிமிடங்கள். அதாவது இரண்டு நாழிகை. அதற்குள் கைப்பேசி இருமுறை ஒலித்தால் 40 நிமிடங்கள் கரைந்துபோகலாம். எஞ்சுவது எட்டு. சாமாயிகத்திற்கு அமரும் பெரியோர் இதனைத் தம் மனத்திலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

உறக்கமும் கவனமும் கெடுவதைப் பெற்றோர் ஓரளவு கண்டுகொள்கின்றனர். கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது மானம்.

மலைமேல் பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவர் கூறிய நிகழ்ச்சி இது. பள்ளியின் பெயர் வேண்டா. ஆண்டுவிழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் நடனமாடினர். அதனைப் படம் பிடித்த யாரோ, ஒரு பெண்ணின் முகம் கோணியிருந்த ஒரு நொடியைத் தனியே வெட்டி எடுத்து, கீழே ஒரு கேலிவரியும் சேர்த்து, வகுப்பு நண்பர் குழுவில் இட்டனர். மறுநாள் காலைக்குள் அது மூன்று வகுப்புகளுக்குப் பரவிற்று. அப்பெண் பதினொரு நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று வீட்டார் நம்பினர். தலைமையாசிரியை அவ்வூர் வரையில் நடந்து சென்று, சிறுமியின் அருகே அமர்ந்து நெடுநேரம் பேசியபின்னரே உண்மை வெளிப்பட்டது. படிப்பை நிறுத்திவிடுவதென அவள் தன் மனத்துள் முடிவு செய்தே வைத்திருந்தாள்.

பிள்ளைகளை விசாரித்தபோது, படத்தை வெட்டியவன் ஒருவனே. ஏனையோர் கூறிய மறுமொழி எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது: ‘நான் செய்யவில்லை, டீச்சர், வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்.’ வேறு சிலர், ‘நான் அனுப்பக்கூட இல்லை, சிரிப்புக்குறி மட்டும் போட்டேன்’ என்றனர்.

இவ்விடத்தில் நம் சமயக் கல்வி எத்துணைத் துணையாக நிற்கிறது என்று பாருங்கள். வினை மூவகையால் வந்து சேரும் என்பது நம் பாடசாலையின் தொடக்கப் பாடம். தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்தற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனை என்பர். படத்தை வெட்டியது கிருதம். பிறர் பார்க்குமாறு அனுப்பியது காரிதம். சிரிப்புக்குறி இட்டது அனுமோதனை. முகநூல் 2009இல் ‘லைக்’ என்னும் விருப்பக்குறியை ஏற்படுத்தியபோது அனுமோதனைக்கு ஒரு பொத்தான் செய்து கொடுத்தது என்றே நான் சொல்லுவேன். நன்மைக்கு அனுமோதனை புண்ணியம். தீமைக்கு அனுமோதனை பாவம். பொத்தான் இரண்டுக்கும் ஒன்றே. எதற்கு அழுத்துகிறோம் என்பதை அறியாமல் அழுத்தும் பழக்கத்தையே, அனர்த்ததண்ட விரதத்தின் அதிசாரங்களுள், ஆராயாது செயலில் இறங்குதல் என்று ஆசாரியர்கள் தனியே எடுத்துக் கூறினர்.

அனர்த்ததண்டம் என்பது பயனில்லாத தீவினை. பாபோபதேசம், ஹிம்ஸாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாதசரியை என அது ஐவகைப்படும். பிறர்க்குக் கேடு நினைத்தல் அபத்தியானம். உள்ளத்தைக் கலக்கும் பேச்சுகளைக் கேட்டல் துச்சுருதி. வீணே திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் பிரமாதசரியையுள் அடங்கும். இவை கைப்பேசியில் எவ்வாறு நிகழும் என்பதை வாசகரே உய்த்துணரலாம். ஹிம்ஸாதானம் ஒன்றை மட்டும் பெற்றோர் கவனத்திற்குக் கொணர்கிறேன். கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலே ஹிம்ஸாதானம். ஆசாரியர் தரும் பட்டியலில் வாளும் நஞ்சும் மட்டுமன்று, மண்ணைத் தோண்டும் கருவியும் உண்டு. மண்வெட்டி நல்ல கருவிதானே, அதனை ஏன் சேர்த்தனர்? கருவியின் நன்மை தீமையைவிட, எவர் கையில், எவ்வித அறிவுரையோடு கொடுக்கிறோம் என்பதில் கொடுப்பவர்க்கும் பொறுப்பு உண்டு என்பதனால். அழும் குழந்தையை அடக்கக் கைப்பேசியைக் கொடுக்கும் தாய்மாரும், ‘எதையாவது பார்த்துக்கொண்டிரு’ என்று நீட்டும் தந்தைமாரும் இதனைச் சிந்திப்பார்களாக.

அரசுகளும் இப்பொறுப்பை உணரத் தொடங்கியுள்ளன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டோர் ஆடலாகாது என்றும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரையில் எவரும் ஆடலாகாது என்றும் 2025இல் தமிழக ஆணையம் விதி வகுத்தது; சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் மாதத்தில் அதனை ஏற்றது. ஆகஸ்டு மாதத்தில் நடுவணரசு அத்தகைய ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருத்தல் ஆகாது என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நன்று. எனினும் பாறைமேல் ஏறிப் பாடம் கேட்ட பிள்ளைக்குச் சட்டத்தைக் கடக்கும் வழி தெரியாமற் போகாது. வீட்டின் அளவை வீடுதான் வகுக்க வேண்டும்.

வீட்டில் மேற்கொள்ளும் முறை

விரதம் என்பது தானே விரும்பி ஏற்பது. பிறர் சுமத்தினால் அது தண்டனையாகிவிடும். ஆகவே முதல் நாளே கைப்பேசியைப் பறிக்காமல், குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து பேசுக. தந்தையார் உணவு வேளையில் வணிகக் குழுவைப் பார்த்துக்கொண்டும், தாயார் நெடுந்தொடரைப் பார்த்துக்கொண்டும் இருக்க, மகன் மட்டும் விரதம் ஏற்றல் என்பது எந்நூலிலும் இல்லை.

இடத்தை முதலில் வரையறுக்க. கைப்பேசிக்கு வீட்டில் ஓரிடம். அது கூடமாக இருக்கட்டும். உறங்கும் அறையும் உண்ணும் இடமும் எல்லைக்கு வெளியே. விடியலில் எழுப்பக் கைப்பேசி வேண்டும் என்பார்க்கு, மணியடிக்கும் கடிகாரம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பின்னர்க் காலம். விளக்கேற்றும் நேரத்திலிருந்து ஒரு முகூர்த்தம் படிப்புக்குரியது. அப்போது வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒலி அடக்கிக் கூடத்தில் இருக்கும். இரவு எட்டரைக்குப்பின் மறுநாள் காலை வழிபாடு முடியும் வரையில் மாணவர் அதனைத் தொடுவதில்லை. மூன்றாவது, பயன். கையில் எடுக்குமுன் ‘இதற்காக எடுக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுதல். சொல்ல ஒன்றும் இல்லையெனில் அது அனர்த்தம். இச்சிறு பழக்கம் பெரியோர்க்கே கடினமாயிருப்பதைக் காண்பீர்கள். நோய், அவசர அழைப்பு, வெளியூரில் உழைக்கும் பெற்றோர் பேசும் நேரம் ஆகியவற்றிற்கு விலக்கு உண்டு. அவ்விலக்குகளையும் முன்னரே எழுதிவிடுக.

கால அளவைச் சிறிதாகக் கொள்ளுதல் தேசாவகாசிகத்தின் சிறப்பு. வாழ்நாள் முழுவதும் என்றால் பிள்ளை அஞ்சும். பத்து நாள் என்றால் முயன்று பார்க்கும். தசலக்ஷண பர்வத்தின் பத்து நாள்கள் இதற்கு ஏற்றவை. பத்தாம் நாள் மாலையில், எவரெவர் எத்தனை முறை எல்லை கடந்தோம் என்று பெரியோர் முதலாகச் சொல்லிப் பிரதிக்கிரமணம் செய்து, விரும்பினால் நீட்டிக்கலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கைப்பேசியைப் பாராதே என்று காலை வணக்கக் கூட்டத்தில் அறிவுறுத்திவிட்டு, இரவு எட்டு மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வழக்கம், நோய்த்தொற்றுக் காலம் கழிந்தும் பல பள்ளிகளில் தொடர்கிறது. வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதுக. மாணவர் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும். கையால் எழுதிய பாடம் பாதி படித்த பாடம் என்பது வேறு.

இறுதியாக ஒன்று. உள்ளம் நொந்திருக்கும் பிள்ளையிடம் விரதத்தைப் பற்றிப் பேசுதல் கூடாது. உணவு செல்லாமை, உறக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல், தனிமையை நாடுதல் ஆகியன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுக. ‘இருந்து என்ன பயன்?’ என்பது போன்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தாலும் அன்றே நாடுக. கட்டணமின்றி மனநல ஆலோசனை பெற ‘டெலி மானஸ்’ எண் 14416. குழந்தைகளுக்கு இடர் நேரின் 1098. தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இணையவழி மோசடிக்கு 1930. படங்களைத் தவறாகப் பயன்படுத்தி மிரட்டுவோர் இருப்பின், அச்செய்திகளை அழித்துவிடாமல் அப்படியே வைத்துக் காவல்துறையிடம் காட்டுதல் வேண்டும். மேலே கூறிய சிறுமி, இப்போது மேல்நிலை வகுப்பில் பயில்கிறாள். அவ்வகுப்புக்கு அவளே மாணவர் தலைவி என்று அவ்வாசிரியை அண்மையில் எழுதியிருந்தார்.